பதினைந்து கிலோ மின்னணுத் தராசு: ஓர் ஆணிக் கடைக்காரியின் மூன்று வருட அனுபவம்

வாங்கி மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகிறது. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு நட்சத்திரம் ஏன் போனது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் கீழே பேட்டரி பற்றிச் சொல்லியிருக்கும் இடத்துக்கு நேரே போய்விடலாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாக உட்காருங்கள். தராசைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு என் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றியும் எழுத வேண்டியதாகிவிடுகிறது. இரண்டையும் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

என் கடையில் ஆணி, திருகாணி, போல்ட், நட்டு, வாஷர், கட்டுக்கம்பி. பெரும்பாலும் எடை போட்டு விற்பவை. பழைய செம்பு, பித்தளை கொண்டுவந்தால் எடை போட்டு வாங்கவும் செய்வேன். அதாவது இந்தத் தராசுக்கு இரண்டு பக்கமும் வேலை. விற்கும்போது எடை கூடக் காட்டினால் எனக்கு லாபம், வாங்கும்போது குறையக் காட்டினால் எனக்கு லாபம். பைபிளில் உபாகமம் 25ஆம் அதிகாரத்தில் பையிலே பெரிதும் சிறிதுமான இரண்டு கல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருப்பது எதற்கென்று என்னைப்போல் இரண்டு பக்கமும் வியாபாரம் செய்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும்.

சரி, தராசு. பெயர் போடவில்லை, இதே அமைப்பில் பல கம்பெனிகள் செய்கின்றன. இரட்டை வரம்புத் தராசு என்பார்கள். ஆறு கிலோ வரை இரண்டிரண்டு கிராமாகக் கூட்டிக் காட்டும், அதற்கு மேல் பதினைந்து கிலோ வரை ஐந்தைந்து கிராமாக. துல்லியத்தை வைத்துப் பிரிக்கும் வகுப்புகளில், கடைகளில் புழங்கும் மூன்றாம் வகுப்புத் தராசு இது. துருப்பிடிக்காத எஃகுத் தட்டு, அடியில் ஒரு லோடு செல், முன்னும் பின்னும் திரை. லோடு செல் என்பது வேறொன்றுமில்லை, ஓர் உலோகக் கட்டை. மேலே பாரம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவை அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழைகள் மின்தடை மாற்றமாக உணர்ந்து எண்ணாக்கித் தரும்.

வாங்குமுன் நான் தெரிந்துகொள்ளாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திரையில் காட்டும் எண் அப்படியே உண்மை என்று நினைத்திருந்தேன். இல்லை. இந்த வகுப்புத் தராசுக்குப் பிழை அனுமதி உண்டு. என்னுடையதில் முதல் ஒரு கிலோ வரை 1 கிராம், நாலு கிலோ வரை 2 கிராம், ஆறு கிலோ வரை 3 கிராம் இப்படியோ அப்படியோ இருக்கலாம். அதுவும் அரசு சார்பில் சோதித்து முத்திரை போடும் அன்றைக்கு. கடையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப்போல இரண்டு மடங்கு வரை விடுவார்கள். அதேபோல் 40 கிராமுக்குக் கீழே இதில் எடை போடவே கூடாது. இதெல்லாம் தராசிலேயே ஒட்டியிருக்கும் சிறு தகட்டில் சுருக்கமாக எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. இப்போது சின்னத் திருகாணி பத்துப் பன்னிரண்டு கேட்டால் எண்ணித்தான் கொடுக்கிறேன்.

மிகப் பிடித்தது பின்பக்கத் திரை. எடை, கிலோ விலை, மொத்தம் மூன்றும் எனக்குத் தெரியும் அதே நேரத்தில் எதிரே நிற்பவருக்கும் தெரிகிறது. அப்பா காலத்து பீம் தராசில், அதாவது தண்டின் இரு முனையிலும் தட்டு தொங்கும் தராசில், முள் நிற்கும் இடத்தைப் பார்க்க வாடிக்கையாளர் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்த்தால் சந்தேகப்படுகிறார் என்று கடைக்காரருக்குக் கோபம் வரும். அந்தச் சங்கடம் இதில் இல்லை. பேரமும் குறைந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கடைக்காரர்கள் பேரம் பேச மாட்டோம், எல்லோருக்கும் ஒரே விலை என்று நின்றார்களாம். ஒன்றைச் சொல்லி வேறொன்றுக்கு இறங்கி வந்தால் முதலில் சொன்னது பொய்தானே என்பது அவர்கள் வாதம். அவர்கள் வைராக்கியத்தால் செய்ததை எனக்கு ஒரு திரை செய்து கொடுக்கிறது. (போகிற போக்கில் இன்னொன்று: விலை கணக்கிடும் தராசு செய்த கம்பெனி ஒன்றும் வேறு சில கம்பெனிகளும் 1911இல் ஒன்றாகச் சேர்ந்துதான் பிற்பாடு ஐ.பி.எம். ஆனது. கம்ப்யூட்டர்காரர்களின் முப்பாட்டனாரும் எங்கள் ஆள்தான்.)

தராசைக் கொண்டுவந்து வைத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அளவை சரிசெய்யும் பகுதிக்குள் நுழைய ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. முத்திரை போடும்போது அதை மூடி சீல் வைத்துவிடுவார்கள், பிறகு தொட்டால் சீல் உடையும். சீல் வைப்பதற்கு முன்னால் அவர் குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒரு கிலோவுக்கு அஞ்சாறு கிராம் உங்க பக்கம் வெச்சுடட்டுமா? எல்லாரும் வைக்கிறதுதான்" என்றார்.

வேண்டாம் என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ஓர் இரண்டு நொடி மனசு கணக்குப் போட்டது. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ, கிலோவுக்கு ஆறு கிராம், மாதத்துக்கு எவ்வளவு என்று விரல் விடாமலே விடை வந்துவிட்டது. நான் இருபது வருடமாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். இதைச் சாட்சியாகச் சொல்வதென்றால் அந்த இரண்டு நொடியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் முகத்தில் ஏமாற்றம் எதுவும் இல்லை, சரி என்று ஸ்குரூவை முடுக்கிவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் புதுத் தராசைச் சோதிக்கும் ஆசையில் அப்பாவின் பழைய எடைக்கற்களை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அப்பா போன பிறகு மூன்று வருடம் அவருடைய பீம் தராசிலும் இந்தக் கற்களிலும்தான் கடையை ஓட்டியிருந்தேன். இரண்டு கிலோ சரி. அரைக் கிலோ சரி. ஐந்து கிலோ சரி. ஒரு கிலோ கல்லை வைத்தேன். 0.986.

எடுத்துத் திரும்ப வைத்தேன். 0.986. தட்டைத் துடைத்து, பூஜ்யம் பார்த்து, நடுவில் வைத்தேன். அதே எண். இரண்டு அரைக் கிலோ கல்லை ஒன்றாக வைத்தால் 1.000 என்கிறது. கல்லைத் திருப்பிப் பார்த்தேன். இரும்பு எடைக்கல்லில் ஒரு சிறு குழி இருக்கும். எடையைத் துல்லியமாகச் சரிசெய்ய அதில் ஈயம் அடைத்து, ஈயத்தின் மேல்தான் அரசு முத்திரை குத்துவார்கள். என் கல்லில் குழி மட்டும் இருந்தது. உள்ளே கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கும் துருவும். ஈயம் எப்போதோ விழுந்திருக்கிறது, முத்திரையோடு சேர்ந்து.

நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் முதல் வசனம் எங்களுக்குச் சிறு வயதிலேயே மனப்பாடம். கள்ளத்தராசு என்று தொடங்கும். அதன் பின்பாதியில் "சுமுத்திரையான நிறைகல்" என்று ஒரு சொல் வரும். அதை நான் எப்போதும் ஏதோ பழைய அலங்காரத் தமிழ் என்று கடந்து போயிருக்கிறேன். நல்ல முத்திரை உள்ள கல் என்று அவ்வளவு நேரடியான பொருள் அன்றுதான் உறைத்தது. எபிரெய மூலத்தில் அந்த இடத்தில் "முழுமையான கல்" என்றுதான் இருக்கிறது. முத்திரை என்று போட்டது தமிழில் பெயர்த்தவர்களின் கைவண்ணம், எந்தக் கடையில் நின்று அந்தச் சொல்லைப் பிடித்தார்களோ. என் கையில் இருந்த கல்லோ முழுமையாகவும் இல்லை, முத்திரையும் இல்லை.

அப்பா ஏமாற்றினாரா என்ற எண்ணம் வராமல் இல்லை. பீம் தராசின் ஒரு தட்டுக்கு அடியில் வாஷர் ஒன்று கம்பியால் கட்டியிருப்பதையும் அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தேன். ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தராசைத் திரும்ப மாட்டி, வெறும் தட்டுகளோடு தூக்கிப் பார்த்தேன். முள் நடுவில் நின்றது. வாஷரைக் கழற்றினால் சாய்ந்தது. தட்டு தேய்ந்ததைச் சரிக்கட்டக் கட்டிய வாஷர், அவ்வளவுதான். அப்புறம் யோசித்தால், கல்லும் ஒரே கல்தான். விற்கும்போது பதினாலு கிராம் எங்களுக்கு வந்திருக்கும், அதே கல்லை வைத்துச் செம்பு வாங்கும்போது பதினாலு கிராம் எங்களிடமிருந்து போயிருக்கும். ஏமாற்றுகிறவர் இப்படி அசட்டுத்தனமாகச் செய்ய மாட்டார்.

ஆனால் என் மூன்று வருடத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது. கற்களைக் குறித்த காலத்தில் மறுமுத்திரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கொண்டுபோகவில்லை. கடையை மூடிவிட்டு யார் அங்கே போய் வரிசையில் நிற்பது என்ற சோம்பல்தான், வேறு காரணம் இல்லை.

பாஸ்டரிடம் சொன்னேன். தெரியாமல் நடந்தது, மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ லேவியராகமம் 5ஆம் அதிகாரத்தில் அறியாமல் செய்தாலும் குற்றம் குற்றமே என்று வரும் வசனம் வந்து உட்கார்ந்துகொண்டது. லூக்காவில் வரும் வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். அவ்வளவு கொடுத்தால் கடை தாங்காது, அவன் தெரிந்தே வாங்கியவன் வேறு. நியாயப்பிரமாணத்தில் இன்னோர் இடத்தில் முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும் என்று இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியான வசனத்தைப் பொறுக்கினேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

வழக்கமாக வரும் பத்துப் பன்னிரண்டு பேரிடம் விஷயத்தைச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், கட்டட வேலை எடுத்துச் செய்பவர், சிரிக்கவில்லை. "அப்ப கணக்குப் போடுங்கக்கா" என்றார். போட்டோம். ஒரு கிலோ கல்லை வைத்து மாதம் சுமார் எட்டுக் கிலோ வாங்கியிருப்பார். எட்டுப் பதினாலு நூற்றுப் பன்னிரண்டு கிராம். முப்பத்தாறு மாதத்துக்கு 4032 கிராம். அதில் ஐந்தில் ஒன்று 806. மொத்தம் 4838. புதுத் தராசில் பையை வைத்துப் பூஜ்யமாக்கி, ஆணியை அள்ளிப் போட்டு, கடைசியில் ஒவ்வொன்றாகப் போட்டு 4.838 வந்ததும் நிறுத்தினேன். இருவரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த எடையில் மூன்று கிராம் பிழை அனுமதி உண்டே என்று நினைவு வந்து இன்னும் ஒரு பிடி போட்டேன். அவர் பையை வாங்கிக்கொண்டு, "செம்பு வித்ததுல எனக்குக் கூட வந்துச்சே, அதைக் கழிக்கலையே" என்றார். கழிக்க வேண்டாம் என்றேன். இப்போதும் வருகிறார். வந்தால் முதலில் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்றுதான் பார்ப்பார். பார்க்கட்டும்.

யாரென்றே தெரியாதவர்களுக்கு? எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் அது கர்த்தருக்கு என்று இருக்கிறது. தோராயமாக ஒரு கணக்கு வைத்துச் சபையின் ஏழைகள் நிதியில் போட்டேன். அந்தத் தோராயத்தில் என் பக்கம் சாய்ந்தேனா என்று கேட்டால், தெரிந்து சாயவில்லை.

இனி தராசின் குறைகளுக்கு வருகிறேன்.

முதலாவது, பாத்திர எடை கழிக்கும் பட்டன். டேர் என்று எழுதியிருக்கும். தகரத் தட்டை வைத்து அதை அழுத்தினால் பூஜ்யம் காட்டும், பிறகு ஆணியை மட்டும் எடை போடலாம். அழுத்த மறந்தால் தராசு எதுவும் சொல்லாது. ஒரு நாள் கடைப் பையன் எடை போட்டு, காசு வாங்கி, ஆளை அனுப்பிவிட்டுக் காலித் தட்டைத் திரும்பத் தராசில் வைத்தான். 0.000 என்று காட்ட வேண்டிய இடத்தில் 0.180 என்று நின்றது. அதாவது தட்டின் எடைக்கும் அந்த மனிதரிடம் காசு வாங்கியிருக்கிறோம். பையனை 180 கிராம் ஆணியோடு ஓடச் சொன்னேன். பிடித்துக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். அவருக்கு எதற்கு ஆணி கொடுக்கிறார்கள் என்றே புரியவில்லையாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். போன ஆளுக்கு அழுத்திய டேர் அப்படியே இருக்க, அடுத்தவருக்குத் தட்டில்லாமல் நேரே போட்டால் எடை குறைவாகக் காட்டும், நமக்கு நஷ்டம். அப்படி நடந்து ஒருவர்கூடத் திரும்பி ஓடி வந்ததில்லை. "அது நமக்குத்தானே நஷ்டம், பாவமில்லையேக்கா" என்றான் பையன். இல்லைதான். ஆனால் நஷ்டமாகும் தவறை மட்டும் நான் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறேன் என்று கவனித்துவிட்டேன். தட்டை எடுத்ததும் மைனஸ் 0.180 என்று காட்டுமே, அந்தக் கழித்தல் குறி எங்கே நின்றாலும் என் கண்ணில் படும். கூட்டல் பக்கம் நின்றால் படுவதில்லை. இதைத் தராசின் குறையாக எழுத முடியாது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இரண்டாவது, தானாகப் பூஜ்யம் பிடிக்கும் வசதி. தட்டில் தூசு விழுந்தாலும் வெயிலில் லோடு செல் சூடானாலும் எண் நகரும். அதைத் தராசே மெல்லத் திருத்திக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் பூஜ்யத்தில் இருக்கும்போது மிகச் சிறு பொருளை ஒவ்வொன்றாக, மெதுவாகப் போட்டால் அதையும் தூசு என்று நினைத்து விழுங்கிவிடும். பொடித் திருகாணியை இப்படித் தூவினால் முதலில் விழுவது கணக்கில் வராது, வாடிக்கையாளருக்கு யோகம். அதுவே நான் செம்புக் கம்பித் துண்டு வாங்கும்போது, கொண்டுவந்தவர் துண்டு துண்டாகப் போட்டால் அவருக்கு இழப்பு. செம்பு விலைக்கு அது சும்மா இல்லை. இதைத் தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கும் கடைக்காரரை எந்த அதிகாரியும் பிடிக்க முடியாது. சீல் உடையவில்லை, முத்திரை சரி, தராசும் சரி. நான் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அதில் போட்டுத் தாருங்கள், ஒரேயடியாக வைக்கலாம் என்கிறேன்.

மூன்றாவது, இதைச் சும்மா தூக்கிக்கொண்டு இடம் மாறக் கூடாது. கொஞ்ச தூரம் என்றால் பரவாயில்லை. தொலைதூரம் போனால் புவியீர்ப்பே மாறும். நிலநடுக்கோட்டில் நிற்பதற்கும் துருவத்தில் நிற்பதற்கும் ஏறத்தாழ அரை சதவீத வித்தியாசம், கிலோவுக்கு ஐந்து கிராம். பீம் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை, கல்லும் பொருளும் சேர்ந்தே கனம் மாறும். இந்த விஷயத்தில் அப்பாவின் தராசு கெட்டி. என் காலை வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: தராசு மட்டமாக நிற்பதைக் காட்டும் நீர்க்குமிழ் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பேன், ஆன் செய்து பதினைந்து நிமிடம் விடுவேன், ஐந்து கிலோ கல்லை நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பார்ப்பேன். மூலைக்கு மூலை எண் மாறினால் தட்டோ செல்லோ அடிவாங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஜெபிக்க மறந்த நாள் உண்டு, இதை மறந்த நாள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை.

கொசுறைப் பற்றி ஒரு வருத்தம். பீம் தராசில் பொருள் தட்டு கொஞ்சம் தாழும்படி விட்டுக் கொடுப்பதில் ஒரு தாராளம் இருந்தது. அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி அளப்பதைப் பற்றி லூக்காவில் வருமே, அதற்கு இந்தத் தராசில் இடமில்லை. 1.006 என்று காட்டினால் அந்த ஆறு கிராமுக்கும் காசு சேர்த்துப் போட்டுவிடுகிறது. மொத்தம் வந்த பிறகு ஒரு பிடி அள்ளிப் பையில் போடலாம், போடுகிறேன். ஆனாலும் அது தனியாகத் தெரிகிறது, தர்மம் மாதிரி. தட்டு தாழ்ந்தபோது அப்படித் தெரிந்ததில்லை.

சபைக்காரர்கள் வரும்போது பின்பக்கத் திரை இன்னொரு விதத்தில் உதவுகிறது. "நம்ம சபைதானே சிஸ்டர், பார்த்துப் போடுங்க" என்பார்கள். முன்பெல்லாம் பார்த்துப் போட்டேன். அப்படிச் செய்தால் மற்றவர்களுக்குப் பார்க்காமல் போட்டேன் என்றுதானே ஆகிறது? இப்போது திரையைக் காட்டுகிறேன். கடன் கேட்டால் அது வேறு பேச்சு. அதிலும் சபையில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் பாக்கி கேட்கும் கஷ்டம் தெரிந்த பிறகு, கஷ்டத்தில் இருப்பவருக்குச் சும்மாவே கொடுத்துவிடுகிறேன், மற்றவர்களுக்குக் கடன் இல்லை. ஒரு சகோதரர் தராசில் ஒட்டிக்கொள்ள வசனம் எழுதிய ஸ்டிக்கர் கொண்டுவந்து கொடுத்தார். நன்றி சொல்லி வீட்டுக் கதவில் ஒட்டினேன். தராசில் முத்திரை ஒட்டியிருக்கிறது, அது போதும். வசனத்தைப் பார்த்து யாரும் எடையை நம்ப வேண்டாம் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

நாள் முழுக்க விற்றதைக் கூட்டிச் சொல்லும் நினைவகமும் இருக்கிறது. தசமபாகம் எடுக்க உதவும் என்று நினைத்தேன். அது காட்டுவது விற்பனை, லாபம் அல்ல. அந்த எண்ணில் பத்தில் ஒன்று எடுத்தால் மொத்தக் கொள்முதல்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் காணிக்கை போட்டதாகிவிடும். அதற்குத் தனி நோட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தராசுக்கு உறை போட்டுவிடுவேன். திறக்கும் கிறிஸ்தவக் கடைக்காரர்களும் எனக்குத் தெரியும். ஒரு நாளை விசேஷமாக வைப்பதும் வைக்காததும் அவரவர் மனசுப்படி என்று ரோமர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் சொன்ன பிறகு நான் அவர்களோடு சண்டைக்குப் போவதில்லை. ஒரு ஞாயிறு, மழைக்கு முன் கூரையைப் பிணைக்க வேண்டும் என்று ஒருவர் போன் செய்தார். கிணற்றில் விழுந்த எருதை ஓய்வுநாளிலும் தூக்கிவிடுவோமே என்று இயேசு சொன்னதை நினைத்துப் போய்த் திறந்து இரண்டு கிலோ ஆணி கொடுத்தேன். அடுத்த ஞாயிறும் அவரே கூப்பிட்டார். மழையும் இல்லை, கூரையும் இல்லை, பெயின்ட் பிரஷ் வேண்டுமாம். எருது தினமும் விழுந்தால் கிணற்றை மூட வேண்டியதுதான் என்றேன், வைத்துவிட்டார்.

ஆனால் உறை போட்டு மூடியது தராசைத்தான். ஆராதனையில் உட்கார்ந்து வரவேண்டிய பாக்கியைக் கூட்டிக்கொண்டிருப்பேன். ஆமோஸ் 8ஆம் அதிகாரத்தில் ஒரு கூட்டம் வருகிறது. ஓய்வுநாள் எப்போது முடியும், விற்கலாம் என்று காத்திருப்பவர்கள். அடுத்த மூச்சிலேயே அவர்கள்தான் அளவைச் சிறிதாக்கி, தராசைக் கள்ளத்தராசாக்குகிறவர்கள். இரண்டும் சேர்ந்தே வருகிறது. எனக்குத் தராசு சரியாகிவிட்டது. முதல் பாதிக்குத் தகுந்த மெஷினை யாரும் இன்னும் விற்கவில்லை.

இப்போது பேட்டரி. உள்ளே 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் நாள் முழுக்கத் தாங்கும் என்றார்கள். முதல் வருடம் தாங்கியது. இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. இந்த வகைப் பேட்டரியைத் தீர்ந்துபோன நிலையில் போட்டுவைத்தால் சீக்கிரம் செத்துவிடும். சனிக்கிழமை இரவு அணைத்து, பிளக்கையும் பிடுங்கி வைக்கும் என் பழக்கமும் காரணமாக இருக்கலாம். இப்போது பிளக்கை மட்டும் விட்டுவைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அது பாட்டுக்கு சார்ஜ் ஏறட்டும். மாற்றுப் பேட்டரிக்காகச் சேவை மையத்தில் ஐந்து வாரம் இழுத்தடித்தார்கள். மூடியைத் திறந்தால் சீல் போய்விடுமோ என்ற பயத்தில் நானும் கை வைக்கவில்லை. பேட்டரி அறை தனி, சீலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கடைசியில்தான் சொன்னார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் நானே வெளியில் வாங்கிப் போட்டிருப்பேன். போன நட்சத்திரம் இதற்குத்தான்.

வாங்கலாமா என்றால், ஐம்பது கிராமுக்கு மேல் எடை போட்டு விற்கிற சிறு கடைக்குத் தாராளமாக வாங்கலாம். பின்பக்கத் திரை இல்லாத மாடல் விலை குறைவாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். விற்பவர் குரலைத் தாழ்த்தினால் என்ன கேட்கப்போகிறார் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும்.

அடுத்த மாதம் மறுமுத்திரைக்கு நாள் குறித்திருக்கிறேன். தராசோடு அப்பாவின் ஒரு கிலோ கல்லையும் கொண்டுபோகிறேன். இத்தனை நாள் பில் புத்தகம் காற்றில் பறக்காமல் அதைத்தான் வைத்திருந்தேன். குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்தாயிற்று. ஈயம் ஊற்றித் தருவார்களா, பழசு என்று தள்ளிவிடுவார்களா, கேட்டுப் பார்க்க வேண்டும்.